ஒருவருக்கும் தீங்கு செய்யாத மருந்து

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை உப்புத்தாள். பஸ் பணிமனையில் முப்பத்தோரு வருஷமாகத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறவர். எந்த வண்டி வந்து நின்றாலும், புதுப் பெயின்ட் பளபளக்கிற இடத்தைத்தான் முதலில் விரலால் தட்டிப் பார்ப்பார். பளபளப்பு அதிகமான இடத்தில்தான் அடியில் ஓட்டை இருக்கும் என்பது அவருடைய அனுபவம். கையில் எந்நேரமும் உப்புத்தாள் இருந்ததாலும், அவரோடு இரண்டு வார்த்தை பேசினால் யாருக்கும் கொஞ்சம் தோல் உரிந்துவிடும் என்பதாலும், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வீட்டில் அவரும் அக்காவும்தான். கல்யாணம் இரண்டு பேருக்கும் வாய்க்கவில்லை. வாய்ச்சண்டைக்கு மட்டும் ஒருநாளும் குறைவிருந்ததில்லை. அக்கா அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்துச் சீட்டைக் கூட சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார்.

அந்த அக்காவுக்குத்தான் வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் ஒரு நிழல் தெரிந்தது.

"நிழல் வெறும் நிழலாவும் இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம்" என்றார் கல்லீரல் டாக்டர். "மருந்து ஏத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். ஆனா உங்க கிட்னி பலவீனமா இருக்கும்மா. வழக்கமா ஏத்துற மருந்து உங்களுக்கு ஆகாது. இப்ப புதுசா ஒண்ணு இருக்கு. இரும்பு ஆக்சைடு. கண்ணுக்கே தெரியாத பொடி. கிட்னிக்கு அதால தொந்தரவு இல்லை."

உப்புத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இரும்பு ஆக்சைடுன்னா துருதானே சார்?"

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நம்ம ஆஸ்பத்திரியிலேயே அதுக்குன்னு தனி மையம் இருக்கு. அங்க விளக்கமாச் சொல்லுவாங்க. ரெண்டு மாசத்துக்கு மேல மட்டும் தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்ததும் உப்புத்தாள் ஆரம்பித்தார். "அக்கா, நான் நாள் பூரா சுரண்டிக் கீழ போடுறதை உன் ரத்தத்துல ஏத்தப் போறாங்களாம்."

"ரத்தத்துல ஏற்கெனவே இரும்பு இருக்குடா."

"இருக்கட்டும். துருப்பிடிக்காம இருக்கு இல்ல?"

"ஒரு பேச்சுக்கு மருந்தை நம்பித் தொலையேன்."

"நான் எந்தப் பேச்சுக்கும் எதையும் நம்புறதில்லை."

மறுநாள் காலை இருவரும் பாதுகாப்பு உறுதி மையத்துக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியின் மற்ற கட்டடங்களில் சுவர் உரிந்து தொங்க, இது மட்டும் கண்ணாடியும் பளிங்குமாக நின்றது. உப்புத்தாளின் விரல்கள் தானாகவே சுவரைத் தட்டிப் பார்த்தன. வாசலில் பெரிய பலகை: 'எங்கள் மருந்தால் ஒரு பாதிப்பும் இல்லாத நாட்கள்: 1061'. ஓர் ஊழியர் ஏணியில் ஏறி எண்ணை மாற்றிக்கொண்டிருந்தார். இடது கையில் மாவுக்கட்டு.

"கையில என்னங்க?"

"போன வாரம் இந்த ஏணியிலேருந்து விழுந்துட்டேன். அது கணக்குல வராது. மருந்தால விழலையே."

உள்ளே சம்மத அதிகாரி இருந்தார். ஒட்டி வைத்தது போன்ற சிரிப்பு, வெல்லத்தில் தோய்த்த குரல். நாற்பத்தெட்டுப் பக்கப் படிவத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

"படிச்சுப் பாத்து, பக்கத்துக்கு ஒரு கையெழுத்து போடுங்கம்மா. எதாவது சந்தேகம் இருந்தா தயங்காமக் கேளுங்க."

உப்புத்தாள் தயங்கவில்லை. "இது துருதானே?"

அதிகாரியின் சிரிப்பு ஒரு ஓரத்தில் பெயர்ந்தது. "சார், அந்தச் சொல்லை நாங்க இந்தக் கட்டடத்துக்குள்ள பயன்படுத்துறதில்லை. 'நுண் இரும்புச் செல்வம்'னு சொல்லுவோம்." சொல்லிக்கொண்டே ஒரு பேரேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

"என்ன எழுதுறீங்க?"

"மருந்தோட பேரைச் சொன்ன நிமிஷத்திலேருந்து உங்களுக்கு உண்டாகுற எந்த உபாதையையும் பதிவு பண்றது எங்க கடமை. பக்க விளைவு எண் ஒண்ணு: ஐயம்."

"மருந்தை இன்னும் கண்ணாலயே பாக்கலையே!"

"பாக்குறதுக்கு முன்னாலேயே வந்திருக்கு. அப்படின்னா தீவிர ஐயம்." அடித்துத் திருத்தி எழுதினார். "ஐயம் தணிஞ்ச பிறகுதான் மேற்கொண்டு போக முடியும். ஐயம் தணிக்கும் வகுப்பு ஒண்ணு இருக்கு. மூணு வாரம்."

"ஐயம் எனக்குத்தானே? ஊசி அக்காவுக்கு."

"கூட இருக்குறவங்களுக்கும் பரவக்கூடியது சார்."

அதற்குள் அக்கா சிவப்புப் பேனாவை எடுத்துப் படிவத்தில் இறங்கியிருந்தார். ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டு பிழை. ஏழாம் பக்கத்தில் 'நோயாளி ஏற்றுக்கொள்கிறார்' என்பதற்குப் பதில் 'நோயாளி ஏற்றிக்கொல்கிறார்' என்று இருந்தது. அதிகாரி அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று வருஷமாக ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்ட படிவம். ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

"ஏன்னா யாரும் படிக்கலை" என்றார் அக்கா.

"நீங்க படிச்சிருக்கீங்க" என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "அதுவும் ஒரு பிரச்சினைதான். நூத்திப் பன்னிரண்டு ஆட்சேபணைன்னு பதிவாகும்."

இப்படியாக அக்காவும் தம்பியும் வகுப்புக்குப் போகத் தொடங்கினார்கள். தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. அதில் அவர்களைப் போலவே கையில் பாடப் புத்தகத்தோடு பத்துப் பன்னிரண்டு பேர். பக்கத்தில் உட்கார்ந்த கண்டக்டர் ஒருவர் ஒன்பது மாதமாக வருகிறாராம். இப்போது நான்காவது புத்தகத்தில் இருந்தார். ஆள் மஞ்சளாக இருந்தார்.

"மருந்து எப்ப ஏத்துவாங்க?" என்று கேட்டார் உப்புத்தாள்.

"புரிதல் பரீட்சை பாஸ் பண்ணணும்ல? பல தரம் போயிடுச்சு. இந்தத் தரம் நல்லாப் படிச்சிருக்கேன்."

பரீட்சை மூன்றாம் வாரம் வந்தது. முதல் கேள்வி: 'இம்மருந்து எவ்வளவு பாதுகாப்பானது? (அ) மிகவும் (ஆ) மிக மிகவும் (இ) மேற்சொன்ன இரண்டும்.' அக்கா மூன்றையும் அடித்துவிட்டு, 'எனக்கு ஏற்றிப் பார்த்தால் தெரியும்' என்று எழுதினார். இரண்டாம் கேள்வியிலிருந்த ஒற்றுப் பிழையைத் திருத்தினார். நூற்றுக்கு நான்கு மதிப்பெண். கையெழுத்து அழகாக இருந்ததற்காக.

"மறுபடி மூணு வாரம் வகுப்பும்மா" என்றார் அதிகாரி. சிரிப்பு முழுசாகத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தது.

உப்புத்தாளின் சந்தேகம் அன்றைக்குத்தான் தடம் மாறியது. அதுவரை அவர் சந்தேகப்பட்டது துருவை. இப்போது கட்டடத்தைச் சந்தேகப்பட்டார். வாசலில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வருகிறவர்களின் முழங்கைகளைக் கவனித்தார். ஊசி போட்டவர்களுக்கு அங்கே ஒரு பஞ்சு ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் சட்டைக்கையாவது மடித்திருக்கும். ஒரு வாரம் கவனித்தார். புத்தகத்தோடு போகிறார்கள், புத்தகத்தோடு வருகிறார்கள். ஒரு முழங்கையிலும் பஞ்சைக் காணோம்.

மையத்தின் பின்பக்கம் ஸ்கேன் அறை. அங்கே வேலை பார்க்கிற அம்மாள் மதியச் சாப்பாட்டுக்கு வெளிப்படியில் உட்காருவது வழக்கம். உப்புத்தாள் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? கேட்டா எழுதிக்குவீங்களா?"

ஸ்கேன் அம்மாள் சிரித்துவிட்டார். "கையில சோறு. எழுத முடியாது. கேளுங்க."

"இந்த மருந்தை இங்க யாருக்காவது ஏத்தியிருக்கீங்களா?"

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பாட்டிலை வருஷத்துக்கு ஒருதரம் வெளியில எடுத்து, காலாவதி ஆயிடுச்சான்னு பாத்து, ஆனதைக் கழிச்சுட்டு, புதுசு வைப்போம். அவ்வளவுதான்."

"அப்ப இது ஆபத்தான மருந்தா?"

"யாரு சொன்னா? இதுக்கு முன்னால ஒரு சின்ன ஆஸ்பத்திரியில இருந்தேன். அங்க இருநூறு முந்நூறு பேருக்கு என் கையாலேயே ஏத்தியிருக்கேன். இந்தப் பொடியை நல்ல கல்லீரல் இழுத்து வச்சுக்கும். படத்துல அது கறுப்பாயிடும். கட்டி இழுத்துக்காது. அது மட்டும் வெளுப்பா நிக்கும். அப்புறம் உடம்பு அந்த இரும்பை மெல்ல ரத்தத்துக்குச் செலவழிச்சுக்கும்."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"ஆச்சே. நாலஞ்சு பேருக்கு அரிச்சுது. ஒரு அம்மாவுக்குப் பிரஷர் இறங்கி எங்களுக்கே வேர்த்துப் போச்சு. அதுக்குத்தானே மெதுவா ஏத்துறது, பக்கத்துல டாக்டர் நிக்குறது, ஒரு மணி நேரம் படுக்க வச்சுப் பாக்குறது? ஒண்ணுமே ஆகாதுன்னு நாங்க யார்கிட்டயும் சொன்னதில்லை."

உப்புத்தாள் இத்தனை வாரமாக இந்த மருந்தைப் பற்றிக் கேட்ட பேச்சில், தட்டினால் கெட்டியாக ஒலித்தது இது ஒன்றுதான். அந்த ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டார். அவர் கைகழுவிவிட்டு வந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "நான் கொடுத்தேன்னு சொல்லாதீங்க. இங்க அதுக்கும் ஒரு படிவம் இருக்கு."

மறுநாள் காலையே புறப்பட்டிருக்கலாம். ஆனால் அன்று ஆயிரத்துத் தொண்ணூற்றாறாவது நாள். மையத்துக்கு மூன்றாம் ஆண்டு விழா. அக்காவின் கல்லீரல் படமும் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் மையத்தின் கையில் இருந்தன. விழாவுக்கு வந்தால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவையும் தம்பியையும் முன்வரிசையில், 'பயனாளிகள்' என்று எழுதிய நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். கண்டக்டரும் இருந்தார், தலையை நிமிர்த்த முடியாமல் புத்தகத்தின் மேல் சாய்ந்திருந்தார்.

மையத்தின் தலைவர் மேடை ஏறினார். மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பாட்டில். கடுங்காப்பி நிறத்தில் இத்துனூண்டு மருந்து. அதைச் சுற்றி விளக்கு.

"நண்பர்களே! ஆயிரத்துத் தொண்ணூற்றாறு நாட்கள்! ஒரு வாந்தி இல்லை. ஒரு மயக்கம் இல்லை. ஓர் அரிப்புக்கூட இல்லை. தண்ணீருக்குக்கூட இந்தப் பெருமை கிடையாது. தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்கள் உண்டு. காற்றுக்குக் கிடையாது, காற்றடித்து மரம் விழுந்து செத்தவர்கள் உண்டு. இந்த மருந்தால் ஒரு கொசுவுக்குக்கூடத் தொல்லை நேர்ந்ததில்லை என்பதைத் தலைநிமிர்ந்து சொல்கிறேன்!"

கைதட்டல் ஓய்ந்ததும் உப்புத்தாள் எழுந்தார். அக்கா சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை.

"ஐயா, இதுவரைக்கும் எத்தனை பேருக்கு ஏத்தியிருக்கீங்க?"

மேடையோரம் நின்ற சம்மத அதிகாரி அவசரமாகப் பேரேட்டைத் தேடினார். தலைவர் கலங்கவில்லை. அவர் இந்தக் கேள்விக்கு மூன்று வருஷமாகக் காத்திருந்தவர் போல மலர்ந்தார்.

"நல்ல கேள்வி. ஆனால் அவசரக் கேள்வி. ஏற்றுவது பயன்பாட்டுத் துறையின் வேலை. நாங்கள் பாதுகாப்புத் துறை. இரண்டையும் கலந்தால் ஆபத்து. ஏற்றினால் ஒருவருக்கு அரிக்கலாம். அரித்தால் அந்தப் பலகை பூஜ்யத்துக்குப் போகும். யாரோ ஒரு நோயாளியின் நன்மைக்காக நோயாளிகளின் பாதுகாப்பைப் பலி கொடுக்க முடியுமா?"

"அப்ப ஒருத்தருக்குக்கூட ஏத்தலை."

"ஒருவரைக்கூட ஆபத்தில் தள்ளவில்லை என்று சொல்லுங்கள்."

"காத்திருக்குறவங்க என்ன ஆவாங்க?"

தலைவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். "அதையும் மறைக்க மாட்டேன். பட்டியலில் இருந்தவர்களில் பதினான்கு பேர் காலமாகிவிட்டார்கள். இதை வருத்தத்தோடும், அதைவிடப் பெருமையோடும் தெரிவிக்கிறேன். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்கூட எங்கள் மருந்தால் இறக்கவில்லை! பதினான்கு குடும்பங்களுக்கும் அதற்கான சான்றிதழ் அனுப்பியிருக்கிறோம். கண்ணாடிச் சட்டம் போட்டு."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் மட்டும் தட்டவில்லை. சிலருக்குப் புரியவில்லை, சிலருக்குத் தெம்பில்லை. இந்த ஆரவாரத்தில் அக்கா எழுந்து அலுவலக அறைக்குள் போய், மேசைமேல் அடுக்கியிருந்ததில் தன்னுடைய தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாழ்நாளில் அவர் அனுமதியில்லாமல் எடுத்த முதல் காகிதங்கள்.

பஸ்ஸில் உப்புத்தாள் வாரங்களை விரல்விட்டு எண்ணினார். டாக்டர் சொன்ன இரண்டு மாதத்தில் ஐந்து வாரம் போயிருந்தது. கடைசியில், "என்னாலதான்க்கா. நான் துருன்னு வாயைத் திறக்காம இருந்திருந்தா மூணு வாரம் மிஞ்சியிருக்கும்" என்றார்.

"நீ வாயைத் திறக்கலைன்னா வேற எதையாவது எழுதியிருப்பாங்க. தும்மல்னு எழுதியிருப்பாங்க." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டது தப்பில்லைடா. பதில் சொல்லத் தெரியாதவங்களைக் கேட்டதுதான் தப்பு."

சின்ன ஆஸ்பத்திரி சின்னதாகவே இருந்தது. சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. உப்புத்தாளுக்கு அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் நிம்மதியானது. ஆனாலும் விடவில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். அடியில் வண்டல் தங்குகிறதா என்று பார்த்தார். அங்கிருந்த டாக்டரிடம் நேராகக் கேட்டார்: "இது துருவா?"

"துருவோட ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கோங்க" என்றார் டாக்டர். "மேல ஒரு பூச்சு இருக்கு. அதனால ரத்தத்துல கட்டி தட்டாது. அலர்ஜி வரலாம், எப்போவாவது பெருசாவும் வரலாம். வந்தா பாக்க நான் இங்கேயே நிக்குறேன். பயமா இருந்தா வேணாம்னு சொல்லலாம், கோவிச்சுக்க மாட்டேன். படிவம் ரெண்டு பக்கம். படிச்சுட்டுப் போடுங்க."

அக்கா படித்தார். ஒரே ஒரு பிழை. திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. உப்புத்தாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் நகத்துக்கடியில் புகுந்துகொண்டிருந்த நிறம் அக்காவின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் அக்கா, "கழுத்துல அரிக்குதே" என்றார்.

உப்புத்தாளுக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் சொட்டை நிறுத்தினார், நாடி பார்த்தார், ஒரு ஊசி போட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் அரிப்பு அடங்கியது. மறுபடி இன்னும் மெதுவாக ஏற்றினார்கள். அரிக்கிறது என்று சொன்னால் ஓடிவருகிற இடத்தில் அரிப்பது அத்தனை மோசமில்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலம் படம் வந்தது. கல்லீரல் முழுக்கக் கன்னங்கரேலென்று இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கொண்டைக்கடலை அளவில் ஒரு வெளுப்பு. ஒன்றே ஒன்று.

கல்லீரல் டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். எங்கே எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் எங்காவது எழுத வேண்டியிருக்கும். "எடுத்துடலாம்மா. சரியான நேரத்துல வந்தீங்க" என்று மட்டும் சொன்னார். பத்தாம் நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு வாரத்தில் அக்கா வீட்டுக்கு வந்து, தம்பி வைத்த ரசத்தில் குற்றம் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

அப்போதுதான் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். 'தங்கள் அன்புச் சகோதரியார் எங்கள் மருந்தால் இறக்கவில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறோம்.' கீழே தலைவரின் கையெழுத்து. ஓரத்தில் எண்: பதினைந்து.

அக்கா இரண்டு தரம் படித்தார். "சொன்னதுல தப்பில்லை" என்றார். "சந்திப்பிழை மட்டும் ஒண்ணு இருக்கு."

உப்புத்தாள் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மையத்துக்குப் போனார். பலகை 1127 காட்டியது. சம்மத அதிகாரி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று அனுதாபம் தெரிவித்தார்.

"எங்க அக்கா உயிரோட இருக்காங்க."

"அப்படியா?" அதிகாரி பேரேட்டைப் புரட்டினார். "தொடர்ந்து ரெண்டு வகுப்புக்கு வரலையே சார். வராதவங்களை மறைவுன்னுதான் பதிவு பண்ணுவோம். மாத்தணும்னா அவங்க நேர்ல வந்து, உயிரோட இருக்குறதுக்கான வகுப்பு மூணு வாரம்..."

அவர் முடிப்பதற்குள் உப்புத்தாள் சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தார். அதே பெஞ்சு. அதே புத்தகங்கள். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் இப்போது ஐந்தாவது புத்தகத்தில் இருந்தார். எழுத்துக்களின் மேல் விரலை வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் மஞ்சள்.

உப்புத்தாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை மெதுவாக, ஒன்று விடாமல் சொன்னார். கல்லீரல் கறுத்தது, கடலை வெளுத்தது, ஊசி, அரிப்பு, பயம், பத்து நிமிஷம், எல்லாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்து கேட்டார்கள்.

"பொய் சொல்லலையே?" என்றார் கண்டக்டர்.

"சந்தேகமா இருந்தா வந்து பாருங்க. இறங்குற வரைக்கும் சந்தேகப்பட்டுக்கிட்டே வரலாம். அங்க யாரும் எழுதிக்க மாட்டாங்க."

கண்டக்டர் புத்தகத்தை மூடினார். எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் எழுந்ததும் பின்னாலேயே ஒரு தையல்கார அம்மாள், அப்புறம் ஒரு தபால்காரர், அப்புறம் பெஞ்சில் இருந்த மற்றவர்களும் எழுந்தார்கள். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஏணியைச் சுற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தை நோக்கி மெல்ல நடந்தார்கள்.

பெஞ்சு காலியானதை சம்மத அதிகாரி கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். இரண்டு வகுப்புக் காலம் பொறுத்துப் பார்த்தார். அதன் பிறகு பேரேட்டைத் திறந்து, அந்த ஒன்பது பேரும் எங்கள் மருந்தால் இறக்கவில்லை என்று எழுதி, ஒன்பது சட்டங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்.